கேளுங்க சொல்றோம்

கே: ஒரே தொகுதியில நின்னு கடைசி வரைக்கும் தோக்காத எம்எல்ஏ யாராச்சும் இருக்காங்களா? - வாசகர், கம்பம்

கலைஞர் தோத்ததே இல்ல, ஆனா அவர் குளித்தலைல ஆரம்பிச்சு திருவாரூர் வரைக்கும் தொகுதி மாத்திக்கிட்டே இருந்தாரு. நீங்க கேக்குற மாதிரி ஆள் வேணும்னா உங்க ஊர்லேர்ந்து மலை ஏறி இறங்கி கேரளால கோட்டயம் பக்கம் போகணும், பாலா தொகுதி, கே.எம்.மாணி. அங்க எல்லாருக்கும் அவர் மாணி சார்தான். 1965ல முதல் தடவை ஜெயிச்சாரு, பாவம், யாருக்கும் மெஜாரிட்டி இல்லாம அந்த சபை கூடவே இல்ல, 1967ல மறுபடி ஜெயிச்சுதான் உள்ள போனாரு, அதுக்கப்புறம் 2019 ஏப்ரல்ல சாகுற வரைக்கும் பாலா அவர் கைலதான், மொத்தம் 13 ஜெயிப்பு, நிதி மந்திரியா பட்ஜெட்டும் 13 போட்டிருக்காரு. கட்சின்னு பாத்தா கேரளா காங்கிரஸ் (எம்), ரப்பர் விவசாயிங்களும் சிரியன் கிறிஸ்டியன்களும்தான் பலம். வளர வளர உடையும், உடைய உடைய வளரும்னு தன் கட்சிய பத்தி அவரே சொல்வாரு, எவ்ளோ தெளிவு பாருங்க!

கே: பார் லஞ்ச விவகாரத்துல மாட்டினது அவர்தானே?

அவரேதான். மூடின பார்களைத் திறக்க லஞ்சம் வாங்கினாருன்னு புகார் வந்து 2015 நவம்பர்ல நிதி மந்திரி பதவிய ராஜினாமா பண்ணாரு. அடுத்த வருஷ எலெக்‌ஷன்ல பாலா ஜனங்க கைவிடல, ஆனா வித்தியாசம் 4,703 ஓட்டுதான், அவருக்கு அது ரொம்ப கம்மி.

கே: அங்கயும் ரெட்டை இலை சின்னம்னு சொல்றாங்களே, நிஜமா? - வாசகி, போடி

நிஜம்தாங்க, மாணி கட்சியோட சின்னம் அது, ஆனா அதிமுகவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இலைக்கு சண்டை போடுறது மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு! மாணி போனதும் கட்சி யாருக்குன்னு அவர் மகன் ஜோஸ் கே.மாணிக்கும் கட்சியோட மூத்த தலைவர் பி.ஜே.ஜோசப்புக்கும் முட்டிக்கிச்சு, அதே வருஷம் பாலா இடைத்தேர்தல்ல ஜோஸ் பக்கத்து வேட்பாளர் ஜோஸ் டோமுக்கு இலை கிடைக்காம அன்னாசிப்பழ சின்னத்துல நின்னாரு, மாணிகிட்ட மூணு தடவை தோத்த மாணி சி.காப்பன் 2,943 ஓட்டுல தூக்கிட்டாரு. 54 வருஷ கோட்டை, ஆறே மாசத்துல காலி. சரி சின்னம் இல்லாததாலதான்னு சமாதானம் சொல்லலாம்னா, அப்புறம் இலையும் ஜோஸுக்கே வந்துச்சு, அவரும் இடது கூட்டணிக்கே போயிட்டாரு, 2021ல கேரளா முழுக்க அந்த கூட்டணி அலை அடிச்சப்போ பாலாவுல மகன் 15,000 ஓட்டுக்கு மேல தோத்தாரு, அதுவும் அதே காப்பன்கிட்ட.