24 வயதில் பாட்டி வேஷமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். வேலைக்காரி, வாயாடி அத்தை என்று காமெடி வேஷமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்; இப்போது பாட்டி வேஷம். கேட்டால், "மனோரமா ஆச்சியே இப்படித்தாம்மா வந்தாங்க" என்கிறார் டைரக்டர். முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவோ, "கிழவி வேஷம் கட்டுற பொண்ணை எவன் பார்க்க வருவான்?" என்கிறார். மறுத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: ஆச்சி பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைத்துவிட்டார் டைரக்டர். அவர் சொன்னது பாதிக் கதை.

மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்தார். அம்மா வீட்டு வேலை செய்து காப்பாற்றிய குடும்பம். சிறுமியாக இருக்கும்போதே நாடக மேடை ஏறிவிட்டார். மனோரமா என்ற பெயரும் மேடை கொடுத்ததுதான். வேஷத்தைப் பொறுக்கி எடுக்கிற வசதி அவருக்கு இல்லை. உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அந்த வித்தியாசத்தை டைரக்டர் சௌகரியமாக மறந்துவிட்டார்.

உங்கள் பயமும் வீண் பயமில்லை. 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் ஆச்சிக்குக் கிடைத்தது காமெடி வேஷம். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவே நடித்தார். அதற்குப் பிறகும் அவரைத் தேடி வந்தது பெரும்பாலும் காமெடிதான். ஆயிரம் படம் தாண்டி கின்னஸ் வரை போனவருக்கு, தேசிய விருது 'புதிய பாதை'க்காகத்தான் கிடைத்தது. அது 1989-ல் வந்த படம். முதல் படத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். முத்திரை குத்தத்தான் செய்தார்கள்.

ஆனால் அந்த முத்திரைக்குள் அவர் செய்த வேலையைப் பாருங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை இன்னொரு முறை போட்டு, ஜில் ஜில் ரமாமணி வரும் இடங்களை மட்டும் கவனியுங்கள். உங்க நாயனத்தில் மட்டும்தான் அந்தச் சத்தம் வருதா, இல்லை எல்லா நாயனமும் அப்படித்தானா என்று சிவாஜியிடம் கேட்பாரே, அந்த இடம். முகத்தில் துளிக்கூடக் கிண்டல் இருக்காது. சிரிப்பெல்லாம் நமக்குத்தான், ரமாமணிக்கு அது நிஜமான சந்தேகம். சிவாஜி, பத்மினி, பாலையா என்று ஜாம்பவான்கள் நிறைந்த படத்தில், இன்றைக்கும் ஜனங்கள் பேசிக்காட்டுவது அந்த வசனத்தை. 'நான் இப்போது காமெடி பண்ணுகிறேன்' என்று அவர் ஓரிடத்திலாவது காட்டிக்கொண்டிருந்தால் அது நின்றிருக்காது.

அப்புறம் பேச்சு. பள்ளத்தூரில் வளர்ந்தவர், 'பொம்மலாட்டம்' படத்தில் "வா வாத்யாரே ஊட்டாண்ட" என்று சொந்தக் குரலில் பாடியதைக் கேட்டால், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றே தோன்றும். 'சின்னக் கவுண்டர்' ஆத்தாவுக்குக் கொங்குத் தமிழ், தூக்கிய பல் வேறு. 'சம்சாரம் அது மின்சாரம்' கண்ணம்மாவும் வேலைக்காரி வேஷம்தான், நீங்கள் அலுத்துக்கொள்கிற அதே வேஷம். நடிகர் கிஷ்முவோடு அவர் மல்லுக்கு நிற்கும் காட்சியை மறந்தவர் உண்டா?

ஆகவே, பாட்டியா குமரியா என்று பார்க்காதீர்கள். அந்தப் பாட்டிக்கு நாடகத்தில் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். அவளை எடுத்துவிட்டால் கதை நொண்டுமென்றால், தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். இருமிக்கொண்டே வந்து, வெற்றிலை இடித்துவிட்டு, ஒரு ஜோக் சொல்லிப் போகிற கிழவி என்றால் மரியாதையாக மறுத்துவிடலாம். அதற்கு ஆச்சியைத் துணைக்கு அழைக்க டைரக்டருக்கு உரிமை இல்லை. ஒப்புக்கொண்டால், தலையில் வெள்ளைப் பூச்சு, கூன், நடுங்கும் குரல் மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். எழுபது வயதுக்காரர்கள் எல்லோரும் நடுங்குவதில்லை.

ஒரு நிபந்தனையும் வையுங்கள்: அடுத்த நாடகத்தில் உங்கள் வயதுப் பாத்திரத்துக்கு உங்களையும் ஒரு முறை வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும். கொடுத்தே தீர வேண்டும் என்று கேட்காதீர்கள், வாசிக்க விட்டால் போதும். அதற்கும் மழுப்பினால் சென்னையில் வேறு குழுவே இல்லையா என்ன?

அம்மா விஷயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மேடையில் நரைத்த தலையைப் பார்த்துப் பெண் வேண்டாம் என்கிற வீட்டில் நீங்கள் தொடர்ந்து நடிக்கவும் முடியாது. அது முன்கூட்டியே தெரிவது நல்லதுதானே!

ரிகர்சல் தொடங்கும் முன் முழு ஸ்கிரிப்டையும் கேட்டு வாங்குங்கள். பாட்டி வருகிற பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.