ரூம் மாறினால் ஆபரேஷன் செலவும் ஏன் மாறுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு (வயது 66) ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன் செய்தோம். நான்கு நாளுக்கு பில் 2,10,000 ரூபாய். 3 லட்சத்துக்கு பாலிசி இருந்தும் 1,05,000 ரூபாய்தான் கிடைத்தது. ‘ரூம் வாடகை அதிகம்’ என்கிறார்கள். ரூமுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்? தனியாரில் ஏன் இவ்வளவு செலவாகிறது?
- வாசகர், ஈரோடு

பதில்: பில்லையும் செட்டில்மென்ட் கடிதத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. உங்களுக்கு இன்னும் பணம் வரவேண்டியிருக்கிறது.

உங்கள் பாலிசியில் ரூம் வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1%, அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் ரூம். பல தனியார் மருத்துவமனைகளில் சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாமே ரூமைப் பொறுத்துத்தான் ஏறும். அதே டாக்டர், அதே தியேட்டர்தான்; ஜெனரல் வார்டுக்கு ஒரு ரேட், தனி அறைக்கு ஒரு ரேட். அதனால்தான் வாடகையில் பாதிதான் பாலிசியில் வரும் என்றால் இவற்றிலும் பாதியைக் கழிக்கிறார்கள்.

ஆனால் மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (ஊசி, பஞ்சு மாதிரி ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள்), பரிசோதனை ஆகியவற்றில் இப்படிக் கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. உங்கள் பில்லில் வாடகை 24,000, டாக்டர் மற்றும் தியேட்டர் கட்டணம் 1,00,000, மருந்தும் பரிசோதனையும் 86,000. முதல் இரண்டில் பாதி 62,000. மூன்றாவது முழுசாக 86,000. ஆக 1,48,000 வரவேண்டும். மொத்த பில்லையும் பாதியாக்கியதில் 43,000 ரூபாய் குறைந்துவிட்டது. கையுறை, மாஸ்க் மாதிரி பாலிசியில் வராத பொருட்களுக்குக் கொஞ்சம் போகலாம், அவ்வளவுதான்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இந்தக் கணக்கோடு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இவ்வளவு செலவு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவை ஐசியூவில் சேர்த்த இரவு, நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். எது எவ்வளவு என்று கேட்க வாய் வரவில்லை. அந்த வாசலில் யாராலும் பேரம் பேச முடியாது. என்ன மருந்து என்று முடிவு செய்வதும் மருத்துவமனை, விற்பதும் அதன் பார்மசி. டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை மருந்து விலை ஆணையம் 2018-ல் ஆராய்ந்தபோது, சில பொருட்களில் லாபம் 1,737% வரை இருந்தது. லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு (இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் சிறு குழல்) 2017 பிப்ரவரியில் அதே ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அரசு தலையிட்ட இடத்தில் விலை இறங்கியது. ரூமை வைத்து சர்ஜன் கட்டணம் ஏறுவதற்கும் அப்படியொரு கடிவாளம் வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை, ரூம் வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்கு மாறப் பாருங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே போர்ட்டபிலிட்டிக்கு (பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி) விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத ஆரம்ப காலம்) கணக்கில் வரும். ஆனால் அப்பாவின் வயதைக் காட்டிப் புது நிறுவனம் மறுக்கவும் கூடும். அவர்கள் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை பழைய பாலிசியைக் கைவிடாதீர்கள்.