ஐசியூல செப்சிஸ லேட்டா கண்டுபிடிச்சாங்க, கேஸ் போடலாமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் மேடம், நாங்க திண்டுக்கல் பக்கம். அப்பாவுக்கு 61 வயசு, சுகர் உண்டு. 14 மாசம் முன்னாடி மதுரைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில பித்தப்பை ஆபரேஷன் பண்ணி ஐசியூல வச்சிருந்தாங்க. மூணாம் நாள் ராத்திரி மூச்சு வாங்குது, சம்பந்தமில்லாம பேசுறாருன்னு சொன்னோம், ஆபரேஷன் ஆனா அப்படித்தான் இருக்கும்னுட்டாங்க. மறுநாள் மத்தியானம்தான் ஆன்டிபயாடிக்க மாத்தினாங்க. ஆறாம் நாள் தவறிட்டார். டெத் சம்மரியில செப்டிக் ஷாக்னு இருக்கு, ஆனா பிளட் கல்ச்சர் நெகட்டிவ். 4,80,000 ரூபா கட்டிருக்கோம், கேஸ் ஷீட் தராம இழுத்தடிக்கிறாங்க. போலீஸ்ல குடுக்கலாமா?

பதில்: தம்பி, உங்க வருத்தம் புரியுது, ஆனா ஒண்ண முதல்லயே சொல்லிடறேன். செப்சிஸ் வந்துச்சு, இறந்துட்டார், அதனால டாக்டர் மேல தப்புன்னு எழுதிட்டுப் போனா கேஸ் நிக்காது. செப்சிஸ்க்குன்னு இது ஒண்ணு போதும்னு ஒரே டெஸ்ட் கெடையாது. இன்ஃபெக்‌ஷனால உறுப்புகள் கெட ஆரம்பிச்சா அது செப்சிஸ், அத பிபி, மூச்சு, நினைவு, கிரியேட்டினின், பிலிருபின், பிளேட்லெட் எல்லாத்தையும் சேத்துப் பாத்து சோஃபான்னு ஒரு ஸ்கோர் போடுவாங்க, 2 பாயிண்ட் இல்ல அதுக்கு மேல ஏறுனா செப்சிஸ்னு 2016ல இருந்து கணக்கு. ஆபரேஷன் ஆனவருக்கு வலியாலயும் நாடி ஏறும், காய்ச்சலும் வரும், அதனால தடுமாற்றம் நிஜமாவே உண்டு. வேற டாக்டரா இருந்தா வேற மாதிரி பண்ணிருப்பார்ங்கிறது மட்டும் கவனக்குறைவு ஆகாதுன்னு ஜேக்கப் மேத்யூ கேஸ்ல 2005லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

கல்ச்சர்ங்கிறது ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட், அது நெகட்டிவ்ங்கிறதுக்கு பயப்படாதீங்க. ஆன்டிபயாடிக் ஓடிட்டு இருக்கும்போது ரத்தம் எடுத்தா நெகட்டிவ் வர்றது சகஜம், பாசிட்டிவ் ஆனாத்தான் செப்சிஸ்னு எங்கயும் இல்ல, தவிர அவங்க சம்மரியிலயே செப்டிக் ஷாக்னு எழுதிட்டு நாளைக்கு கன்ஸ்யூமர் கமிஷன்ல வந்து இன்ஃபெக்‌ஷனே இல்லன்னு எப்படிச் சொல்லுவாங்க?

உங்க கேஸ்ல விஷயமே நேரம்தான். செப்சிஸ் சிகிச்சைக்கு 2021ல வந்த சர்வதேச கைட்லைன், ஷாக் இருந்தா, அதாவது செப்சிஸால பிபி ரொம்ப விழுந்துட்டா, ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் போடணும், ஷாக் இல்லாம சந்தேகம் மட்டும் இருந்தா வேகமா பாத்துட்டு, சந்தேகம் தீரலன்னா 3 மணி நேரத்துக்குள்ள போடணும்னு சொல்லுது. அது சட்டம் இல்ல, ஆனா அளவுகோலா முன்னாடி வைக்கலாம். இப்ப ஐசியூ சார்ட்ட நெனச்சுப் பாருங்க, பெரிய ஷீட், மணிக்கு ஒரு கட்டம். ராத்திரி 11க்கு மூச்சு நிமிஷத்துக்கு 26, 1 மணிக்கு 30, 3 மணிக்கு பிபி 90/50, பக்கத்துல நர்ஸ் டூட்டி டாக்டர்கிட்ட சொல்லியாச்சுன்னு எழுதிருப்பாங்க, ஆனா டாக்டர் நோட்ஸ்ல அடுத்த என்ட்ரி காலைல 9 மணிக்கு இருக்கும். உங்களுது அப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது, இருந்தா அந்த இடைவெளிதான் உங்க கேஸ். லாக்டேட் (உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தலன்னா ரத்தத்துல ஏறுறது) எப்ப பாத்தாங்க, கல்ச்சர் சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தாங்கன்னு லேப் ரிப்போர்ட்ல பாருங்க. அப்புறம் ஃபார்மசி பில், தயவுசெஞ்சு ஒண்ணயும் தூக்கிப் போட்றாதீங்க. சார்ட்ட பின்னாடி உக்காந்து எழுதலாம், நீங்க ஓடிப் போய் ஊசி வாங்குன பில்லுல அடிச்சிருக்கிற டைம யாரும் மாத்த முடியாது.

கேஸ் ஷீட்ட வாயால கேக்காதீங்க. வாரிசுன்னு ஆதாரம் வச்சு எழுதி, அக்னாலெட்ஜ்மென்ட்டோட ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. 2002 மெடிக்கல் கவுன்சில் ரெகுலேஷன்படி கேட்ட 72 மணி நேரத்துல தரணும், 3 வருஷம் பத்திரமா வச்சிருக்கணும். தரலன்னா அதுவே உங்களுக்கு ஒரு பாயிண்ட்.

போலீஸ் இப்ப வேணாம். கிரிமினல் கேஸ்க்கு சாதாரண கவனக்குறைவு பத்தாது, ரொம்ப மோசமா இருந்திருக்கணும், போலீசும் முதல்ல வேற ஒரு டாக்டர்கிட்ட, முடிஞ்சா அரசு டாக்டர்கிட்ட, ஒப்பீனியன் வாங்கணும். கோவத்துல அங்க போய் ரெண்டு வருஷத்த தொலைச்சவங்கள நான் பாத்திருக்கேன், ரெண்டு வருஷம்ங்கிறதுதான் கன்ஸ்யூமர் கேஸோட கெடுவும்! உங்களுக்கு மிச்சம் 10 மாசம்.

திண்டுக்கல் மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்லயே போடலாம், 2019 சட்டத்துல நீங்க குடியிருக்கிற ஊர்லயே போட வழி இருக்கு, மதுரைக்கு அலைய வேணாம். கட்டுன தொகை 5 லட்சத்துக்குள்ளங்கிறதால கமிஷன் ஃபீஸ் கெடையாது. டூட்டி டாக்டர் பேர் தெரியலன்னாலும் ஆஸ்பத்திரிய எதிர்தரப்பா போட்டா போதும், சவிதா கார்க் கேஸ்ல (2004) அது தீர்வாயிருச்சு.

எல்லா கேஸ்க்கும் எக்ஸ்பர்ட் சாட்சி கட்டாயம் இல்லன்னு 2010ல கிஷன் ராவ் கேஸ்ல சொல்லிருக்காங்க, மலேரியாவ டைஃபாய்டுன்னு வைத்தியம் பாத்த கேஸ் அது, கேஸ் போட்டவர் மலேரியா டிபார்ட்மென்ட்ல வேலை பாத்தவர், ஆஸ்பத்திரி அவர் வீட்டம்மாவுக்கே மலேரியாவ கோட்ட விட்ருச்சு பாருங்க. ஆனா செப்சிஸ் அவ்ளோ வெளிப்படையான சமாச்சாரம் இல்ல. அதனால கேஸ் ஷீட் கைக்கு வந்ததும், எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி, சம்பந்தமில்லாத ஒரு ஐசியூ டாக்டர்கிட்ட காசு குடுத்தாவது முழுசா படிக்கச் சொல்லுங்க. அவர் அந்த ராத்திரிய பாத்துட்டு எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காங்கன்னு சொன்னா, கேஸ் வேணாம்னுதான் நானும் சொல்லுவேன்.