வெந்நீர், வெள்ளி, ஒரு தந்தி: பெற்றோரை பாட் எம்ஸுக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: பிராங்க்பர்ட்டில் வேலை செய்கிறேன். ஆகஸ்ட் இறுதியில் பெற்றோர் வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. நெரிசல் இல்லாத, வெந்நீர் ஊற்றும் வரலாறும் சேர்ந்த ஒரு சிறிய ஊருக்கு அவர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பலர் பாடன்-பாடன் என்கிறார்கள். ஒருவர் மட்டும் பாட் எம்ஸ் என்றார். எதற்குப் போகலாம்? எத்தனை நாள் வேண்டும்? அங்கே எதைப் பார்ப்பது?

பதில்: பாட் எம்ஸுக்கே போங்கள். இரண்டு இரவு தங்குங்கள். பாடன்-பாடன் அழகான ஊர்தான். ஆனால் வரலாற்று ஆசிரியர் ஒருவர் முழங்கால் வலியோடு வருகிறார் என்றால், ஐரோப்பாவின் பெரிய நிகழ்ச்சிகள் சில நூறு மீட்டருக்குள் நடந்து முடிந்த பாட் எம்ஸ்தான் அவருக்கு ஏற்ற இடம். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழும் ஊர். நதிக்கரை நடைபாதை முழுவதும் சமதளம்.

முன்பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மனியின் வடமேற்கில் எம்ஸ் என்றொரு நதி இருக்கிறது. அதற்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை. நீங்கள் போக வேண்டியது ரைன்லாந்து-பலட்டினேட் மாநிலத்தில், லான் நதிக்கரையில், கோப்லென்ஸ் நகருக்கு அருகில் உள்ள பாட் எம்ஸ்.

அப்பாவிடம் முதலில் மன்னர்களின் கதையைச் சொல்லாதீர்கள். நதியின் நடுவில் உள்ள பாலத்தில் நிறுத்தி, இரு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். தெற்கே டவுனஸ் மலைத்தொடர், வடக்கே வெஸ்டர்வால்ட். இரண்டுக்கும் இடையே லான் நதி அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சுமார் 245 கி.மீ. ஓடும் இந்நதி, எம்ஸைத் தாண்டிச் சிறிது தூரத்தில் லான்ஸ்டைனில் ரைனோடு கலக்கிறது. பள்ளத்தாக்கு இங்கே மிகவும் குறுகலானது. ஊர் அகலமாக வளர வழியில்லாமல், ஆற்றோரமாக நீண்டு கிடக்கிறது. மேற்கே பழைய கிராமம். கிழக்கே ஊற்றுகளைச் சுற்றி எழுந்த குளியல் பகுதி. இரண்டும் நெடுங்காலம் தனித்தனி ஊர்கள் போலவே இருந்தன.

மலைகளின் பாறை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையான கடலடிப் படிவு. டெவோனியன் என்ற புவியியல் காலத்தின் ஒரு கட்டத்துக்கு உலகெங்கும் புவியியலாளர்கள் வழங்கும் எம்சியன் என்ற பெயர் இந்த ஊரின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பாறை மடிந்து பிளந்திருக்கிறது. மழைநீர் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகச் சூடேறி, உப்புகளைக் கரைத்துக்கொண்டு, கரியமில வாயுவின் உந்துதலோடு மேலே வருகிறது. நதி பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்திருப்பதால், நீர் வெளியேற எளிதான இடம் ஆற்றோரமே. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊற்றுகளில் மிகச் சூடான ராபர்ட் கம்பே ஊற்றில் நீர் 57 டிகிரி செல்சியஸில் பீறிடுகிறது. அதே பிளவுகளில் முற்காலத்தில் ஊறிய வேறொரு வெந்நீர், ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் கலந்த தாதுவைப் படியவிட்டுப் போனது. வெந்நீரும் வெள்ளியும் ஒரே பாறைப் பிளவுகள் தந்தவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஊரின் கதை முழுவதும் புரியும்.

வெள்ளியின் கதை அண்மையில்தான் திரும்ப எழுதப்பட்டது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 47ஆம் ஆண்டில் ஆளுநர் குர்ட்டியஸ் ரூபஸ், மட்டியாசி மக்களின் நிலத்தில் வெள்ளிச் சுரங்கம் தோண்டப் படைவீரர்களை ஏவினார். உழைப்பு கடுமை, கிடைத்ததோ சொற்பம். நொந்துபோன வீரர்கள் பேரரசருக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினார்கள்: இனிமேல் தளபதிகளுக்குப் படையை ஒப்படைக்கும் முன்பே வெற்றி விருதுகளை வழங்கிவிடுங்கள் என்று. விருதுக்காகத் தங்களை வதைக்க மாட்டார்கள் அல்லவா! அந்தச் சுரங்கம் எங்கே இருந்தது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. எம்ஸுக்கு அருகே ஒரு தானிய வயலில் தெரிந்த நிற வேறுபாடு துப்புக் கொடுத்தது. தோண்டிப் பார்த்தால், சுமார் எட்டு ஹெக்டேரில், இரட்டை அகழியோடு ஒரு ரோமானிய முகாம். சற்றுத் தள்ளி ப்ளோஸ்காப் என்ற குன்றில் இன்னொரு சிறிய காவல் முகாம். அதன் அகழியில் எதிரிகளைத் தடுக்க நட்டிருந்த கூரான மரமுளைகள் ஈரமண்ணில் மக்காமல் கிடைத்தன. பழைய எழுத்துகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த அரண்முறை கண்முன் வந்து நின்றது. இவை டாசிட்டஸ் சொன்ன சுரங்கத்தைக் காத்த முகாம்களாக இருக்கலாம் என்று பிராங்க்பர்ட் கோதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வளமான தாதுப் படிவத்தை அந்த வீரர்கள் எட்டவேயில்லை. பிற்கால நூற்றாண்டுகளின் சுரங்கத் தொழிலாளர்களே அதை வெட்டி எடுத்தார்கள். மன்னர்கள் நதிக்கரையில் உலாவிய 19ஆம் நூற்றாண்டில், அதே பள்ளத்தாக்கில் தாது உருக்கும் உலைகளும் புகைந்துகொண்டிருந்தன. ஊரின் அழகிய படங்களில் அந்தப் புகை இருக்காது.

பிறகு ரோமானியப் பேரரசின் எல்லையான லீமெஸ் இந்த இடத்தில்தான் லான் நதியைக் கடந்தது. விண்டர்ஸ்பெர்க் குன்றில் 1874இல் மீட்டுக் கட்டிய காவல் கோபுரம் நிற்கிறது; எல்லைக் கோபுரங்களை மீட்டுக் கட்டும் முயற்சிகளில் அது மிகப் பழையது. ஏற்றம் கடினம், அப்பாவுக்கு வேண்டாம்.

இடைக்காலத்தில் குளியலின் உரிமை நசாவ் பிரபுக்களுக்கும் காட்சனெல்ன்போகன் குடும்பத்துக்கும், பின்னர் ஹெஸ்ஸே அரசர்களுக்கும் பங்காக இருந்தது. ஒரே ஊற்றுக்குப் பல சொந்தக்காரர்கள். அதனால் எதிரெதிரே குளியல் மாளிகைகள். 1806க்குப் பின் ஊர் நசாவ் டச்சி என்ற சிற்றரசின் கையில் இருந்தது; 1866இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் போனது. 1858இல் ரயில் வந்ததும் எம்ஸ் ஐரோப்பாவின் கோடைத் தலைநகர்களில் ஒன்றாகிவிட்டது. 1839இல் எழுந்த பளிங்கு மண்டபத்தை இன்றும் பார்க்கலாம். இசையமைப்பாளர் ஓபன்பாக் பாரிஸிலிருந்து ஆண்டுதோறும் வந்து தம் இசை நாடகங்களை இங்கே அரங்கேற்றினார். நுரையீரல் நோயோடு ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1874 தொடங்கி நான்கு கோடைகள் வந்து இந்த ஊற்றுநீரைக் குடித்தார்.

உங்கள் அப்பா நெடுநேரம் நிற்கப்போகும் இடம் நதிக்கரை நடைபாதையில் உள்ள ஒரு சிறிய நினைவுக்கல். அதில் தேதியும் நேரமும் இருக்கும்: 13 ஜூலை 1870, காலை 9 மணி 10 நிமிடம். பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம் உலாவிக்கொண்டிருந்தார். அவருடைய ஹோஹென்சோலர்ன் குடும்பத்து இளவரசர் லெயோபோல்டை ஸ்பெயின் அரியணைக்கு முன்மொழிந்திருந்தது பிரான்ஸைக் கொதிக்க வைத்திருந்தது. முந்தைய நாள்தான் அது கைவிடப்பட்டது. பிரெஞ்சுத் தூதர் பெனெடெட்டி அதோடு விடவில்லை. இனி எக்காலத்திலும் அப்படி நடக்காது என்று மன்னர் உறுதி தர வேண்டும் என நடைபாதையிலேயே வற்புறுத்தினார். வில்ஹெல்ம் மரியாதையாக மறுத்தார். பிறகு, மேலும் சொல்ல எதுவுமில்லை என்று ஆள் மூலம் தெரிவித்தார். மன்னருடன் இருந்த அதிகாரி ஆபெக்கன் இதைத் தந்தியாக பெர்லினில் இருந்த பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்குக்கு அனுப்பினார். பிஸ்மார்க் தளபதி மோல்ட்கேயோடும் போர் அமைச்சர் ரூனோடும் விருந்தில் இருந்தார். அவர் புதிதாகப் பொய் எதையும் சேர்க்கவில்லை, வெட்டிச் சுருக்கி வெளியிட்டார். சுருங்கிய வடிவில், தூதரை மன்னர் முகத்தில் அறைந்தாற்போல் அவமதித்து அனுப்பியதாக பிரெஞ்சுக்காரர்களுக்கும், மன்னரைத் தூதர் அவமதித்ததாக ஜெர்மானியர்களுக்கும் பட்டது. ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது. நடைபாதையில் தொடங்கிய சச்சரவுக்கு எம்ஸும் விலை கொடுத்தது. பிரெஞ்சு விருந்தினர்களை இழந்தது. 1872 இறுதியில் பேரரசு முழுவதும் சூதாட்டக் கூடங்கள் மூடப்பட்டபோது பெரிய வருமானத்தையும் இழந்தது.

நதியின் மறுகரையில், ரயில் நிலையத்தின் பக்கத்தில், புனித அலெக்சாண்ட்ராவின் பெயரில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1876இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், இங்கே ஓய்வெடுக்க வந்திருந்த ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்: ரஷ்யப் பேரரசில் உக்ரைன் மொழியில் நூல் அச்சிடுவதற்கும், வெளியிலிருந்து கொண்டுவருவதற்கும் தடை. எம்ஸ் ஆணை என்று உக்ரைனியர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அதுதான். என்னைக் கேட்டால், பிஸ்மார்க்கின் தந்தியைவிட இந்தக் கையெழுத்துக்கே இந்த ஊரில் அதிக நேரம் ஒதுக்குவேன். போர் சில மாதங்களில் முடிந்தது. அந்தத் தடை ஒரு தலைமுறையின் எழுத்தை நசுக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் அரசர்களின் இடத்தில், மருத்துவக் காப்பீட்டின் செலவில் சிகிச்சை பெறும் நோயாளிகள் வந்தார்கள். 1990களில் காப்பீட்டுச் செலவுகள் குறைக்கப்பட்டபோது எல்லா ஊற்று நகரங்களையும் போல எம்ஸும் தளர்ந்தது. மாநிலப் புள்ளியியல் அலுவலகம் இங்கே இருப்பதால் ஊர் அன்றாட உயிரோட்டத்தை முற்றிலும் இழக்கவில்லை. 2021இல் ஏழு நாடுகளைச் சேர்ந்த 11 ஊற்று நகரங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது எம்ஸும் அதில் இடம்பெற்றது. 2005இல் லீமெஸ் எல்லைக்குக் கிடைத்த அங்கீகாரத்திலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு.

இனி உடல்நலம். 2012இல் திறந்த எம்ஸர் தெர்மே நதியோரக் குளியல் வளாகம். குளங்களில் நீச்சலுடை கட்டாயம். நீராவி அறைப் பகுதி வேறு. ஜெர்மன் வழக்கப்படி அங்கே ஆணும் பெண்ணும் உடையின்றியே இருப்பார்கள். பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளங்களுக்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் போதும். அம்மா பயணத்துக்கு முன் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அனுமதி கிடைத்தால், பதினைந்து நிமிடம் போல நீரில் இருந்து, மெதுவாக எழுந்து, ஓய்வெடுத்து, தண்ணீர் குடிக்க வேண்டும். ஊற்றுநீர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அது சோடியம் நிறைந்த நீர்; உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் கோப்பை கோப்பையாகக் குடிக்கக் கூடாது. ருசி பார்க்க ஒரு வாய் போதும். இந்த நீரிலிருந்து எடுக்கும் எம்ஸர் உப்பும் தொண்டை மாத்திரையும் ஜெர்மன் மருந்துக் கடைகளில் கிடைக்கும். முழங்காலுக்கு வெந்நீர் இதமாக இருக்கும். வலி தீரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

குன்றின் மேலிருந்து பள்ளத்தாக்கைக் காண, 1979இல் திறந்த செங்குத்து ரயில் ஒன்று பிஸ்மார்க் மேட்டுக்கு உண்டு. அது இயங்குகிறதா என்று முதல் நாளே விடுதியில் விசாரியுங்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று மலர் அணிவகுப்பு நடக்கும். அழகானதுதான், ஆனால் ஊர் நிரம்பி வழியும். அமைதி வேண்டுமென்றால் அடுத்து வரும் செவ்வாய், புதன் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சைவ உணவுக்கு அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

போகும்போது மைன்ஸ் வழியாக ரைனின் இடக்கரை ரயிலில் கோப்லென்ஸ் போங்கள். வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் நதியும் கோட்டைகளும் லோரெலை பாறையும் தெரியும். கோப்லென்ஸிலிருந்து லான் பள்ளத்தாக்கு ரயிலில் எம்ஸ் சுமார் இருபது நிமிடம். திரும்பும்போது அதே பாதையில் கிழக்கே தொடர்ந்து, நசாவ் கோட்டையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு லிம்பர்க் வந்து சேருங்கள். நெதர்லாந்து அரச குடும்பத்தின் பெயர் அந்தக் கோட்டையிலிருந்து வந்தது. லிம்பர்க்கில் பழைய நகரத்தையும் பேராலயத்தையும் பார்த்துவிட்டு, பிராங்க்பர்ட்டுக்கு வட்டார ரயில் ஏறலாம். விரைவு ரயில் நிற்கும் லிம்பர்க் தெற்கு நிலையம் சில கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. உங்கள் லான் ரயில் அங்கே போகாது. டிக்கெட் எடுக்கும்போது "லிம்பர்க் (லான்)" என்ற நிலையத்தையே தேர்ந்தெடுங்கள்.