கேள்வி - பதில்: ஆற்றில் உப்பு ஏறினால்…

கேள்வி: உப்பில் ஊறிய மாவடு மாசக்கணக்கில் கெடுவதில்லை. அப்படியானால் ஆற்றில் உப்பு ஏறினால் கிருமிகள் செத்து, தண்ணீர் சுத்தமாகத்தானே ஆக வேண்டும்?
- வாசகி, கரூர்

பதில்: மாவடு ஜாடியில் கொட்டுகிற உப்பு எங்கே, ஆற்றில் ஏறுகிற உப்பு எங்கே! லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் ஏறினாலே ஆற்றுக்கு அது பெரிய மாற்றம்தான், ஆனால் அந்த அளவு எல்லா நுண்ணுயிர்களையும் கொல்லாது. சிலதை விரட்டிவிட்டு வேறு சிலதைக் குடியேற்றும். நன்னீரில் வாழும் பாக்டீரியாவுக்கு வெளியே உப்பு ஏற ஏற, உடம்பிலுள்ள தண்ணீரை இழக்காமல் இருக்க அமினோ அமிலம், சர்க்கரை போன்றவற்றைச் செல்லுக்குள் சேர்த்துவைத்தாக வேண்டும். வளரவும் பெருகவும் வேண்டிய சக்தி அதிலேயே தீர்ந்துபோகிறது.

ஓடையில் விழும் இலைகளை மட்கவைக்கும் பூஞ்சைகளுக்கும் இதே கதிதான். வித்து உண்டாக்குவது குறையும், இலை மட்குவது தாமதமாகும். பூஞ்சை படர்ந்து மெத்தென்று ஆன இலையைத்தான் நீர்ப்பூச்சிகள் விரும்பித் தின்னும், அந்தப் பூச்சிகளை மீன் தின்னும். ஆக, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையில் தொடங்கும் பஞ்சம் மீன்வரை போகிறது.

கேள்வி: 2022-இல் போலந்தில் ஆற்று மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு உப்புதான் காரணம் என்கிறார்களே, நிஜமா?
- வாசகர், மதுரை

பதில்: உப்பு நேராகக் கொல்லவில்லை, கொன்ற பாசிக்கு இடம் கொடுத்தது. போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே எல்லையாக ஓடும் ஓடர் ஆற்றில் அந்த ஆகஸ்டில் சுமார் 360 டன் மீன்கள் செத்து மிதந்தன. முதலில் பாதரசம் என்று சந்தேகப்பட்டார்கள். குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தால் 10 லட்சம் ஸ்லாட்டி (போலந்து நாணயம்) தருவதாகப் போலந்து போலீஸ் அறிவித்தது. கடைசியில் சிக்கியது பிரிம்னீசியம் பார்வம் என்ற பொன்னிறப் பாசி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். கழிமுகத்து உவர்நீரில் வாழவேண்டியது அது. சுரங்கங்கள் வெளியேற்றும் உப்புநீர், கோடையில் வற்றிய ஆறு, வெயில், போதாக்குறைக்குத் தண்ணீரில் உரச்சத்து எல்லாம் சேர்ந்ததும் மளமளவென்று பெருகி, மீனின் செவுளைச் சிதைக்கும் நஞ்சைக் கக்கியது. சிப்பி, நத்தைகூடத் தப்பவில்லை. கொடுமை என்னவென்றால், அந்தப் பாசி இன்னும் ஆற்றைவிட்டுப் போகவில்லை.

கேள்வி: சாயக்கழிவில் நிறத்தை எடுத்துவிட்டால் நொய்யல் ஆற்றுக்கு ஆபத்தில்லைதானே?
- வாசகர், திருப்பூர்

பதில்: அப்படிச் சொல்லவே முடியாது, நிறம் போனாலும் ஆபத்து இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள், அந்த உப்பு அப்படியே கழிவுநீரில் வந்துவிடுகிறது. கழிவிலுள்ள மற்ற அழுக்கில் பெரும்பங்கைச் சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியா தின்றுவிடும், உப்பைத் தின்ன எந்த உயிரும் கிடையாது. ஆர்.ஓ. (சவ்வு வழியாக நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) வைத்துப் பிரித்து, மிச்ச நீரைக் காய்ச்சி வற்றவைத்துத்தான் அதை எடுக்க முடியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற விதி அங்கே இறுகியது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஏமாறாதீர்கள், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி நீங்களே அளந்து பாருங்கள். மழை பெய்து ஓய்ந்ததும் அளந்தால் உப்பு குறைவாகத்தான் காட்டும், நல்ல கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அளக்க வேண்டும்.