அமெரிக்காவில் மசாஜ் தெரபி லைசென்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹூஸ்டனில் 14 வருடமாக லைசென்ஸோடு மசாஜ் தெரபி செய்கிறேன். கடந்த சில வருடங்களாக ஒரு பயிற்சிப் பள்ளியில் பாடமும் எடுக்கிறேன். இந்த வேலையைப் பற்றி நம் ஆட்கள் வெளிப்படையாகக் கேட்கவே கூச்சப்படுவார்கள். இந்த முறை இத்தனை பேர் கேட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா முழுமைக்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. எனக்கு நன்றாகத் தெரிந்தது டெக்சாஸ். மற்ற மாநிலங்களைப் பற்றித் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

கேள்வி (டாலஸ்): அக்கா, ஊரில் ஆயுர்வேத மசாஜ் ஆறு மாதம் படித்து சர்டிபிகேட் வாங்கியிருக்கிறேன். இங்கே ஹெச்4 விசாவில் இருக்கிறேன். அதை வைத்து நேராக வேலைக்குச் சேர முடியுமா?

முடியாதும்மா. இங்கே இரண்டு தனித்தனி கதவுகள் இருக்கின்றன. ஒன்று லைசென்ஸ், இன்னொன்று வேலை செய்யும் அனுமதி. ஹெச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், நீங்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் சம்பளம் வாங்கவோ சொந்தமாகத் தொழில் செய்யவோ இ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி கார்டு வேண்டும். லைசென்ஸ் கையில் இருந்தாலும் கார்டு இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். பின்னால் கிரீன் கார்டு நேரத்தில் அது பெரிய தலைவலியாகும்.

டெக்சாஸில் லைசென்ஸ் வாங்க, மாநில அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 500 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் 200 மணி நேரம் கைப்பயிற்சி, அதிலும் 125 மணி நேரம் ஸ்வீடிஷ் மசாஜ். உடற்கூறுக்கு 50, உடலியக்கத்துக்கு 25, தசை அசைவுகளைச் சொல்லும் கினிசியாலஜிக்கு 50, நோய்க்குறிகளுக்கு 40, நீர் சிகிச்சைக்கு 20, சட்டம், தொழில் நடத்தை, ஒழுக்க நெறிகளுக்கு 45, சுகாதாரம், முதலுதவிக்கு 20, கடைசியாக இன்டர்ன்ஷிப் 50. அப்புறம் எம்பிளெக்ஸ் என்கிற மசாஜ் லைசென்ஸ் தேர்வு, டெக்சாஸ் சட்டம் குறித்த சின்னத் தேர்வு, கைரேகை வைத்துப் பின்னணிச் சோதனை. நான் லைசென்ஸ் வாங்கிய காலத்தில் இதெல்லாம் மாநில சுகாதாரத் துறையின் கையில் இருந்தது. 2017 நவம்பரிலிருந்து டி.டி.எல்.ஆர். என்கிற லைசென்ஸ் துறை பார்க்கிறது.

ஊரில் கற்றது வீண் என்று நினைக்காதீர்கள். எண்ணெயின் சூடு பார்க்கத் தெரிந்த கை, அழுத்தம் தெரிந்த கை வகுப்பில் முதல் வாரமே தனியாகத் தெரிந்துவிடும்.

கேள்வி (ஆஸ்டின்): என் பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர். சுளுக்கு எடுப்பதில் ஊரே அவரைத் தேடி வரும். கைராசிக்கு எதற்கு 500 மணி நேரம்? பணம் பிடுங்கும் வேலையாகத் தெரிகிறது.

உங்கள் கோபம் புரிகிறது. என் பெரியம்மாவும் சுளுக்கு எடுப்பவர்தான். ஆனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

லைசென்ஸ் வாங்கி மூன்றாவது வருடம். நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இடது கெண்டைக்காலில் பிடிப்பு, அழுத்தித் தேய்த்துவிட்டால் போதும் என்றார். டேபிளில் படுத்ததும் இரண்டு காலையும் பார்த்தேன். இடது கெண்டை வலதைவிட நன்றாகப் பருத்திருந்தது. சாக்ஸ் விளிம்பு பதிந்த தடம் அந்தக் காலில் மட்டும் ஆழமாக இருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு. தோல் இறுக்கமாகப் பளபளத்தது. எனக்கு வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு கால் மட்டும் வீக்கம், சூடு, வலி, நீண்ட நேரம் உட்கார்ந்த பயணம். கையை எடுத்துவிட்டேன். "இன்றைக்கு மசாஜ் கிடையாது சார், இங்கிருந்தே எமர்ஜென்சிக்குப் போங்கள்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தேனே என்றார். மனைவியைக் கூப்பிடச் சொல்லி அனுப்பிவைத்தேன். ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அவர் கேட்டபடி அழுத்தியிருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

நோய்க்குறிகளுக்கான அந்த 40 மணி நேரம் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. கைராசி எங்கே அழுத்தணும் என்று சொல்லும். எங்கே தொடவே கூடாது என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் சட்டம் நமக்காக எழுதப்பட்டதில்லை. டேபிளில் குப்புறப் படுத்து, நம் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல், நம்மை நம்பி இருக்கிறாரே அவருக்காக எழுதப்பட்டது.

பணம் பிடுங்கும் பள்ளிகளும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி (ஹூஸ்டன், கேட்டி பகுதி): பிரசவித்த வீடுகளுக்குப் போய் தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பத்தியச் சமையலும் செய்து தருகிறேன். காசு வாங்குகிறேன். இதற்கும் லைசென்ஸ் வேண்டுமா மேடம்?

வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது இதெல்லாம் மசாஜ் சட்டத்துக்குள் வராது. ஆனால் தாயின் இடுப்பையும் காலையும் எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டு அதற்குக் காசு வாங்கினால், டெக்சாஸ் சட்டத்தின் பார்வையில் அது மசாஜ்தான். எண்ணெய்க் குளியல் என்று பேர் வைத்தாலும் மாறாது. சொந்த அம்மாவோ மாமியாரோ வீட்டில் செய்துவிடுவது வேறு விஷயம், அது தொழில் இல்லை. 'பேபி மசாஜ்' என்று தனியாகக் கட்டணம் வைத்திருந்தால் டி.டி.எல்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

சட்டத்தைவிட எனக்கு இதில் பெரிய கவலை வேறு. பிரசவமான முதல் ஆறு வாரம் ரத்தம் உறையும் ஆபத்து சாதாரணமாக இருப்பதைவிட மிக அதிகம். சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். மேலே சொன்ன அதே கெண்டைக்கால் கதைதான். தாய் "ஒரு கால் மட்டும் வலிக்குது அக்கா" என்றால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். அப்போதே டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே இவ்வளவு அனுபவம் இருக்கிறது, 500 மணி நேரம் முடித்துவிட்டால் இதையே தலைநிமிர்ந்து செய்யலாம். நீங்கள் படிக்கணும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி (சான் அன்டோனியோ): எம்பிளெக்ஸ் கஷ்டமா? ஆங்கிலம் எனக்குச் சுமார்தான்.

100 கேள்விகள், 110 நிமிடம், கம்ப்யூட்டரில். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியின் கடினம் மாறும், பின்னால் போய்த் திருத்த முடியாது. மதிப்பெண்ணை வேறு அளவுகோலுக்கு மாற்றித் தருவார்கள், அதில் 630 எடுத்தால் தேர்ச்சி. தவறினால் 30 நாள் கழித்து மறுபடி பணம் கட்டி எழுதலாம். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. நம் பெண்கள் உடற்கூறைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ஆனால் அதிகம் தடுக்கி விழுவது ஒழுக்க நெறி, வாடிக்கையாளரை மதிப்பிடும் முறை பற்றிய கேள்விகளில்தான். நாலு பதிலும் சரி மாதிரியே இருக்கும். எது பாதுகாப்பானதோ அதை எடுங்கள்.

கேள்வி (டாலஸ்): கணவரின் புராஜெக்ட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாநிலம் மாறும். டெக்சாஸ் லைசென்ஸ் வேறு இடத்தில் செல்லுமா?

தானாகச் செல்லாது. புளோரிடா, ஜார்ஜியா, நியூஜெர்சி இவையும் 500 மணி நேரம்தான், அதனால் விண்ணப்பித்து மாற்றிக்கொள்வது ஓரளவு சுலபம். மேரிலாந்து 750. நியூயார்க் 1000. 500 மணி நேரத்தோடு நியூயார்க் போனால் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். அங்கே லைசென்ஸ் இல்லாமல் இந்தத் தொழில் செய்வது ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். விளையாட வேண்டாம்.

கலிபோர்னியா தனி ரகம். அங்கே மாநில லைசென்ஸ் கட்டாயம் இல்லை. 2009 முதல் சி.ஏ.எம்.டி.சி. என்ற அமைப்பு விரும்பியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அது இருந்தால் எந்த நகரமும் உங்களிடம் தனியாக மசாஜ் பெர்மிட் கேட்க முடியாது. இல்லாவிட்டால் நகரத்துக்கு நகரம் அலைய வேண்டும். கன்சாஸ், வயோமிங்கில் மாநில லைசென்ஸே இல்லை, உள்ளாட்சி விதிகள்தான்.

மாநிலங்களுக்குள் பொதுவாகச் செல்லும் லைசென்ஸுக்கு ஓர் ஒப்பந்தம் உருவாகி வருகிறது. 2023-ல் நெவாடா முதலில் கையெழுத்திட்டது. ஏழு மாநிலங்கள் சேர்ந்தால்தான் உயிர் பெறும். அதற்கு 625 மணி நேரப் படிப்பு கேட்கிறார்கள். அதனால் உங்களுக்கு என் யோசனை, 500-ல் நிறுத்தாமல் 625-க்கு மேல் தரும் பள்ளி கிடைத்தால் அதில் சேருங்கள்.

கேள்வி (ஃபிரிஸ்கோ): வீட்டிலேயே ஒரு அறையில் செய்யலாமா?

டெக்சாஸில் தனி ஆளாகச் செய்தால், கடை லைசென்ஸ் தனியாக வேண்டாம். ஆனால் தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தால் ஒவ்வொரு விளம்பரத்திலும் உங்கள் முழுப்பெயரோ லைசென்ஸ் எண்ணோ இருக்க வேண்டும். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடும் படமும் விளம்பரம்தான். இன்னொரு தெரபிஸ்டைச் சேர்த்துக்கொண்டால் கடை லைசென்ஸ் வேண்டும். நகராட்சியின் விதியையும் குடியிருப்புச் சங்கத்தின் விதியையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): தம்பி சலூனில் கழுத்தைத் திருப்பி சொடக்கு எடுத்தால்தான் தூக்கமே வரும் என்கிறான். நீங்கள் செய்வீர்களா?

மாட்டேன். மூட்டை உதறிச் சொடக்கு எடுப்பது எங்கள் லைசென்ஸுக்குள் இல்லை, அது முதுகெலும்பையும் மூட்டையும் கையால் சரிசெய்யத் தனியாகப் படித்த கைரோபிராக்டரின் வேலை. கழுத்து எலும்புக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. வேகமாக முறுக்கினால் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): மசாஜுக்குப் போன இடத்தில் அந்த ஆள் கை போகக் கூடாத இடத்துக்குப் போனது. நான் பேசாமல் வந்துவிட்டேன். என் தப்பா?

உங்கள் தப்பு துளியும் இல்லை, கண்ணு. அந்த நிமிடத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பு.

முறைப்படி என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். டெக்சாஸில் முதல் முறை தொடும் முன்பே ஒரு தாளில் உங்கள் கையெழுத்து வாங்க வேண்டும். என்ன வகை மசாஜ், உடம்பின் எந்தெந்தப் பகுதி என்று அதில் எழுதியிருக்கும். மார்பகத்தை உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. அந்தரங்க இடங்கள் எப்போதும் துணியால் மூடியிருக்க வேண்டும். எந்த நொடியிலும் நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்லலாம், நிறுத்தியாக வேண்டும். இதெல்லாம் மரியாதைக்கான பழக்கம் இல்லை, விதி.

தேதி, நேரம், அவர் பெயர், நடந்தது எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். போலீஸில் சொல்லுங்கள். டி.டி.எல்.ஆர். இணையதளத்தில் புகார் கொடுங்கள், லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று அங்கேயே பெயர் போட்டுத் தேடலாம். இல்லாவிட்டாலும் புகார் எடுப்பார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.

கேள்வி (சென்னை): இங்கே இப்படியொரு சட்டம் ஏன் இல்லை?

தமிழ்நாட்டில் ஸ்பா நடத்த உள்ளாட்சி உரிமம், போலீஸ் கண்காணிப்பு என்று இருக்கிறது. தேய்ப்பவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதற்கு இதுபோன்ற லைசென்ஸ் இல்லை. 2021 இறுதியில் ஸ்பாக்களில் கேமரா வைக்கச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்தது. 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்றார். பேச்செல்லாம் கேமராவைச் சுற்றியே போனதில் எனக்கு வருத்தம். அறைக்குள் நிற்பவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்டிருந்தால், நேர்மையாக வேலை செய்யும் பெண்களுக்கும் ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.

கேள்வி (டாலஸ், முதலில் கேட்டவர்): சரி அக்கா, சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலில் சேர்ந்த பள்ளி பாதியில் மூடிவிட்டது. கட்டிய பணத்தில் பாதி போனது, மணி நேரக் கணக்கை வாங்கவே நாலு மாதம் அலைந்தேன். அதனால் முதலில் டி.டி.எல்.ஆர். பட்டியலில் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். மாதாமாதம் முடித்த மணி நேரத்தை எழுத்தில் வாங்கி வீட்டில் வையுங்கள்.

அப்புறம், பெரும்பாலான பள்ளிகளில் இன்டர்ன்ஷிப் மாணவர்கள் வெளியாட்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மசாஜ் செய்வார்கள். ஒரு நாள் நீங்களே பணம் கட்டி அந்த டேபிளில் படுங்கள். கை எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள், மாணவர்தானே. உங்களைத் தொடும் முன் அந்தப் பிள்ளை என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எங்காவது வீக்கமா, எங்கே தொட வேண்டாம் என்றெல்லாம் கேட்டால், மறுநாளே போய்ப் பெயரைக் கொடுங்கள்.