2019 ராப்டர்ஸ் வெற்றி வெறும் அதிர்ஷ்டமா?

கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுராண்டும் கிளே தாம்சனும் காயப்படாமல் இருந்திருந்தால் 2019-இல் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையை வென்றிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறுதித் தொடரை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து அந்தப் பருவம் முழுக்கப் பார்த்த எனக்கு இந்தக் கேள்வி சுடுகிறது.

காயங்கள் உதவவே இல்லை என்று நான் சொல்லவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் டுராண்ட் இல்லாமல்தான் கோல்டன் ஸ்டேட் அரையிறுதித் தொடரில் போர்ட்லாந்தை 4-0 என்று வென்று இறுதிக்கு வந்தது. அப்போது யாரும் அதை அரைகுறை அணி என்று சொல்லவில்லையே? இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் தாம்சன் ஆடி 28 புள்ளிகள் எடுத்தார். அப்படியும் சொந்த அரங்கில் 105-92 என்று தோற்றார்கள்.

அதற்கு முன்னால் ஃபிலடெல்பியாவுடன் ராப்டர்ஸ் ஆடிய தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம் இருக்கிறது. மே 12, அன்னையர் தினம். வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். 90-90 என்று சமநிலை. எங்கள் கவாய் லெனர்ட் மூலையில் இருந்து ஃபிலடெல்பியாவின் எம்பீட்டின் கைக்கு மேலாக எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்தது. கூடைப்பந்தே பார்க்காத அம்மா, "விழுந்திட்டுதோ, விழுந்திட்டுதோ?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். விழுந்தது. அப்புறம் அடுத்த தொடரில் மில்வாக்கியிடம் 0-2 என்று பின்தங்கி, அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்றார்கள். இதெல்லாம் யாருடைய காயத்தால் நடந்தது?

ராப்டர்ஸின் கைல் லௌரியைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தப் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகள்) தொடங்கியபோது ஒர்லாண்டோவுடன் முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காதவர் அவர். எத்தனை ஏச்சு வாங்கினார்! ஜூன் 13, ஓக்லாந்தில் கோப்பையை வென்ற ஆட்டத்தில் 26 புள்ளிகள். டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த அணியும் எடுக்காத ஃபிரெட் வான்வ்ளீட் 22. முடிவு 114-110.

திங்கட்கிழமை வெற்றி ஊர்வலம். நான் வேலை செய்த கிடங்கில் ஒரு நாள் லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. ஹாக்கி ஆட்டம் என்றால் தன் ஆட்களுக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கும் மேற்பார்வையாளர்தான், ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்த எங்களிடம் "விருப்பமில்லை என்றால் நாளைக்கும் வர வேண்டாம்" என்றார். ஏஜென்சி ஆள் என்றால் ஊரோடு சேர்ந்து கொண்டாடவும் உரிமை இல்லையா? அதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.